பெயர்களைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர்: யார் இந்த ரொனால்ட் ஃபிஷர்?

நீங்கள் டேட்டா சயின்ஸ் படித்தவரா? அப்படியென்றால் ஐரிஸ் பூக்களின் 150 வரி அட்டவணையை ஒரு தடவையாவது திறந்திருப்பீர்கள். 3 இனம், இனத்துக்கு 50 பூ, பூவுக்கு 4 அளவு. எட்கர் ஆண்டர்சன் சேகரித்த அந்த அளவுகளை 1936-ல் பிரபலமாக்கியவர் ரொனால்ட் ஃபிஷர்.

1890-ல் லண்டனில் பிறந்தவர். கண்பார்வை ரொம்ப மோசம். அதனால் சின்ன வயதிலேயே பேப்பர், பேனா இல்லாமல் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பழகினார். 1919-ல் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்கு வந்த சிக்கல் உங்களுக்கும் தெரிந்ததுதான்: 12 உருளைக்கிழங்கு ரகங்கள், சில வகை உரங்கள். மகசூல் ஒரு எண். ஆனால் ரகம் வெறும் பெயர்தானே, அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

ரகங்களுக்கு 1, 2, 3 என்று நம்பர் போட்டால் வேலை கெட்டுவிடும். ஒன்றைவிட அடுத்தது ஒரு படி மேல் என்று கணக்கு எடுத்துக்கொள்ளும். ரகங்களுக்கு அப்படி வரிசையே கிடையாது. 1923-ல் வினிஃப்ரெட் மெக்கன்சியுடன் எழுதிய கட்டுரையில், ரகத்தால் வரும் வேறுபாடு, உரத்தால் வருவது, தற்செயலாக வருவது என்று ஃபிஷர் தனித்தனியாகப் பிரித்தார். யாரையும் வரிசையில் நிறுத்தத் தேவைப்படவில்லை.

இன்று நீங்கள் போடும் டம்மி வேரியபிளும் அதே கேள்விக்கான விடைதான். அந்த ரகம் என்றால் 1, இல்லையென்றால் 0. 12 ரகத்துக்கு 11 நெடுவரிசை போதும். எல்லாமே 0 என்றால் அது மிச்சமுள்ள ரகம். மற்றவை அதோடுதான் ஒப்பிடப்படும்.

கதையின் மறுபக்கத்தையும் பார்த்துவிடுங்கள். ஐரிஸ் கட்டுரை வெளியானது 'ஆனல்ஸ் ஆஃப் யூஜெனிக்ஸ்' இதழில். யார் பிள்ளை பெற வேண்டும், யார் பெறக் கூடாது என்று மனிதர்களைத் தரம் பிரிக்கும் கொள்கைதான் யூஜெனிக்ஸ். அதை ஃபிஷர் உறுதியாக நம்பினார். மேல்தட்டுக் குடும்பங்களில் பிள்ளைகள் குறைவது நாகரிகத்துக்கே ஆபத்து என்று 1930-ல் வந்த தன் புத்தகத்தில் வாதிட்டார். 1962-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இறந்தார். அவர் நினைவாக கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரி வைத்திருந்த கண்ணாடி ஜன்னலை, 2020-ல் அகற்ற முடிவு செய்தார்கள்.

உருளைக்கிழங்கை வரிசைப்படுத்தாமல் ஒப்பிட வழி காட்டியவர், மனிதர்களை மட்டும் வரிசைப்படுத்தினார். உங்கள் அட்டவணையில் சாதி, மதம், பாலினம் வரும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவுக்கு 0 என்று தீர்மானிப்பது நீங்கள்தான். அந்த 0 ஒப்பிடுவதற்கான இடம், அவ்வளவுதான். மதிப்பெண் இல்லை.