எண்ணும் எழுத்தும்: ஐடா பி. வெல்ஸ்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஹாலி ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில், 1862ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16ஆம் நாள் அடிமைப் பெற்றோர்க்கு மகளாகப் பிறந்தவர் ஐடா பி. வெல்ஸ். 1878இல் பரவிய மஞ்சட் காய்ச்சல் தாய் தந்தை இருவரையும் கொண்டுபோயிற்று. தம்பி தங்கையரை ஆளுக்கொருவராகப் பிரித்து வளர்க்கப் பிறர் முனைந்தபோது, பதினாறு வயதேயான அப்பெண் அதற்கு இசையாது, ஆசிரியப் பணியேற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்.

டென்னசியில், மகளிர் பெட்டிக்குரிய பயணச்சீட்டுடன் அமர்ந்திருந்தவரை இரயில் ஊழியர் வலிந்து வெளியேற்றினர். அவர் வழக்குத் தொடுத்தார். 1884இல் கீழ்மன்றம் 500 டாலர் இழப்பீடு வழங்கியது. 1887இல் மாநில உச்ச மன்றம் அதனைப் பறித்தது. பேருந்தில் இருக்கையை விட மறுத்த ரோசா பார்க்ஸ் உலகறிந்தவர். அந்நிகழ்ச்சி 1955ஆம் ஆண்டினது.

வெல்சின் வாழ்வைத் திருப்பியது 1892 மார்ச்சு 9. மெம்பிஸ் நகரில் மளிகைக்கடை நடத்திய அவர்தம் நண்பர் தாமஸ் மாசும் அவருடன் இருவரும் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். வெள்ளையர் ஒருவரின் கடைக்குப் போட்டியாக வளர்ந்ததே அக்கடை செய்த குற்றம். அந்நாளில் இத்தகைய கும்பற்கொலைகட்குப் பெண்ணின் கற்பைக் காப்பதாகக் காரணம் கூறுவது வழக்கம். அதனை ஐயுற்ற வெல்ஸ், ஒவ்வொரு கொலையாக ஆராய்ந்து, அக்காரணம் பெரும்பாலும் புனைந்துரையே என்று தம் இதழில் எழுதினார். அவர் வெளியூர் சென்றிருந்த வேளையில், மே 27ஆம் நாள், அச்சகம் நொறுக்கப்பட்டது. திரும்பினால் உயிர் தங்காது என்ற எச்சரிக்கையும் வந்தது.

1895இல் அவர் வெளியிட்ட ‘சிவப்புப் பதிவேடு’ என்னும் நூல் கவிஞர்கள் ஊன்றி நோக்கத்தக்கது. அதில் உவமை தேடிப் பயனில்லை. கொல்லப்பட்டோர் பெயர், நாள், இடம், சாட்டப்பட்ட குற்றம் எனப் பட்டியலாகவே பல பக்கங்கள் செல்லும். அக்கணக்கும் வெள்ளையர் நடத்திய ‘சிகாகோ டிரிப்யூன்’ நாளிதழ் வெளியிட்டது. கறுப்பர் மிகைப்படுத்தினர் என்று எவரும் தள்ளிவிட இயலாது. அழகிய சொற்பொழிவுகள் பல மறைந்தொழிய, அப்பட்டியல் இன்றும் சுடுகிறது.

இத்தகையவரைத் தம்மவரே ஓரங்கட்டியதும் உண்டு. 1909இல் கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம் உருவானபோது, அமைப்புக் குழுவின் முதற்பட்டியலில் அவர் பெயர் விடுபட்டுப் பின்னரே சேர்க்கப்பட்டது. 1913இல் வாஷிங்டனில் நடந்த மகளிர் வாக்குரிமை ஊர்வலத்தில் கறுப்பினப் பெண்களோடு பின்னே வருமாறு கூறப்பட்டது. அவரோ நடுவழியில் புகுந்து இல்லினாய் அணியோடு நடந்தார். 1931 மார்ச்சு 25இல் மறைந்தபோது, தன்வரலாறு ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றுபோயிருந்தது. மகளின் முயற்சியால் அது 1970இல்தான் நூலாயிற்று.

1950, 60களின் போராட்டத்தைத் தேவாலயமும் போதகர்களும் முன்னின்று நடத்தினர். 2013இல் மூன்று பெண்கள் தொடங்கிய ‘கறுப்பர் உயிரும் பொருட்டே’ இயக்கம் தனித்தலைவர் எவரையும் நாடவில்லை. சான்று திரட்டி உலகின் கண்முன் வைப்பதையே பெரிதும் நம்பியது. காலத்தால் அண்மையதான அறுபதுகளைவிட வெல்சின் வழிக்கே அது நெருங்கியது எனலாம். காவலர் சுட்டுக் கொன்றோரை 2015 முதல் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் எண்ணத் தொடங்கியபோது, அரசின் கணக்கு அதிற் பாதியும் இல்லையெனத் தெரிந்தது.

கும்பற்கொலைத் தடை மசோதா ஒன்று 1922இல் கீழவையில் நிறைவேறி மேலவையில் மடிந்தது. அக்கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கிய சட்டம் 2022 மார்ச்சில் கையொப்பமாயிற்று. அதற்கு முன்னர், 2020 மே 4இல், புலிட்சர் குழு வெல்சுக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது. மூன்று வாரம் கழித்து மினியாபொலிஸ் தெருவில் ஜார்ஜ் பிளாய்டின் உயிர் பிரிந்ததைப் பதினேழு வயதுப் பெண்ணொருத்தி கைப்பேசியில் பதிவு செய்தார். மறு ஆண்டு அச்சிறப்புப் பாராட்டு அவருக்கு வழங்கப்பட்டது.