நாகஸ்வர சக்கரவர்த்தியின் மூச்சு

எம்பெருமான் வாகனத்தில் ஆரோகணித்துத் திருவீதி எழுந்தருளும்போது ஸேவார்த்திகளின் கண்கள் திருமுகமண்டலத்தையே நாடுகின்றன. அதுவே முறை. ஆயினும் முன்னே மல்லாரி வாசித்துச் செல்லும் நாகஸ்வர வித்வானையும் ஒரு கணம் நோக்குங்கள். தீவட்டிப் புகை, ஜனநெரிசல், நின்றும் நகர்ந்தும் செல்லும் நடை ஆகிய இவற்றுக்கிடையே அவர் நாதம் குலையாதிருக்க வேண்டும். அதற்கு அவர் கையிலுள்ள முதல் மூச்சு ஒன்றே. அம்மூச்சைத் தம் ஏவலுக்குக் கட்டுப்படுத்திய மகாவித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சரிதத்தைச் சுருக்கமாக எழுத முற்படுகிறேன். அவர் சைவ ஆதீனத்து வித்வான். எனினும் சிவாலயத்துக்கும் பெருமாள் கோயிலுக்கும் மங்கள வாத்தியம் ஒன்றுதானே.

1898-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் நாள் திருமருகலில் குப்புசாமி பிள்ளைக்கும் கோவிந்தம்மாளுக்கும் பிறந்தார். பாலசுப்பிரமணியன் என்பது இளமைப் பெயர். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தின் நாகஸ்வர வித்வான். அவ்வழியே பிள்ளையும் அவ்வூரவரானார். அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாகஸ்வரம் பயின்றார். பிடில் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் வாய்ப்பாட்டும் கற்றார். ஊதப் பழக வேண்டிய சிறுவன் பாடப் பழகியது எதற்கு என்று தோன்றலாம். அவருடைய வித்தையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நாகஸ்வரம் எளிதில் வசப்படும் வாத்தியம் அன்று. ஆச்சா மரத்தில் கடைந்த உலவு, கீழே அணைசு, மேலே கெண்டை, அதில் செருகிய சீவாளி ஆகியவை சேர்ந்ததே அது. நாணலால் ஆன சீவாளியின் இரு இதழ்களும் உதட்டுக்கிடையே அதிர்ந்தால்தான் ஒலி பிறக்கும். விரல் வைக்கும் துளைகள் ஏழே. ஒரே துளையில் காற்று மிகுந்தால் ஸ்வரம் ஏறும்; தளர்ந்தால் இறங்கும். கமகங்களில் பாதி விரலால் வருவது. மீதி உதட்டின் பிடியாலும் மூச்சின் அளவாலும் வருவது. ஆகவே பயில்கிறவன் முதலில் ஒரே ஸ்வரத்தை ஏறாமலும் இறங்காமலும் நெடுநேரம் நிறுத்திப் பழக வேண்டும். நெஞ்சை உயர்த்தி இழுக்கும் மூச்சு இதற்கு உதவாது. அடிவயிறு வரை நிரப்பி, அங்கிருந்தே சிறுகச் சிறுகச் செலவிட வேண்டும். யோக சாஸ்திரத்தில் பூரகத்துக்கும் கும்பகத்துக்கும் ரேசகத்துக்கும் மாத்திரைக் கணக்கு உண்டு. நாகஸ்வரக்காரரின் கணக்கோ தனி. பூரகம் இமைப்பொழுதில் முடிய வேண்டும். ரேசகம் ஓர் ஆவர்த்தனத்தையும் கடந்து நீள வேண்டும்.

அருகில் நின்று ஒத்து ஊதுபவரின் உபாயம் வேறு. கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளும்போதே மூக்கினால் புதுக் காற்றை இழுப்பார். அதனால் சுருதி அறாமல் ஒலிக்கும். ராகம் வாசிப்பவருக்கோ மூச்சை எங்கே விடுவது என்பதே வித்தை. அடியேன் பாடசாலையில் அத்யயனம் செய்த நாட்களில், பதத்தின் நடுவே மூச்சு விட்டால் ஆசிரியர் வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்தே சொல்லச் செய்வார். பதினாறு முறை சொன்ன நாளும் உண்டு. பாடக் கற்றவனுக்கும் அவ்வாறே மூச்சின் இடம் ஸாஹித்யத்தோடு சேர்ந்து மனத்தில் பதிகிறது. பிள்ளையின் வாசிப்பு குழாயில் ஊதுவதாக இராமல் மனிதர் வாய்விட்டுப் பாடுவதாகவே இருந்தது என்று கேட்டவர் வியந்ததற்கு இதுவே காரணமாதல் கூடும்.

அக்காலத்தில் பெரிதும் வழங்கியது திமிரி நாகஸ்வரம். நீளம் குறைவு, சுருதி நாலு கட்டைக்கும் மேல். நெடுந்தூரம் கேட்கும், ஊதுபவரின் மூச்சையோ மிகுதியாக வாங்கும். சுத்த மத்யமமும் அதில் இயல்பாக நிற்காது. உதட்டாலும் காற்றாலும் வருவிக்க வேண்டும். தோடிக்கோ சுத்த மத்யமம் இன்றியமையாதது. பிள்ளை, அண்டை ஊரான நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து பலகாலம் முயன்றார். அதன் பயனாக ஏறத்தாழ இரண்டரை அடி நீளமும் இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியும் கொண்ட பாரி நாகஸ்வரம் செம்மையுற்றது. மத்யமம் சுத்தமாகப் பேசிற்று. தாழ்ந்த சுருதியில் காற்றின் அழுத்தமும் குறைந்ததால், மிஞ்சிய மூச்சு ராக விஸ்தாரத்துக்குப் பயன்பட்டது. வித்வான் தம் மூச்சைச் சாதகத்தால் வளர்த்ததோடு அமையாமல், மூச்சுக்கேற்ப வாத்தியத்தையே திருத்தினார் என்பது இச்சரிதத்தில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி.

தோடி என்றால் ராஜரத்தினம் என்று ஆயிற்று. மணிக்கணக்கில் அந்த ஒரே ராகத்தை வாசிப்பார். மூன்று நிமிஷங்களே கொள்ளும் கிராமபோன் தட்டிலும் அதைப் பதிவு செய்தார். நேரில் கேளாத நம் போன்றோருக்கு மிஞ்சியது அவ்வகைப் பதிவுகளே. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் அவருக்குப் பக்கபலமாயிருந்தது. 1940-இல் வெளிவந்த காளமேகம் என்னும் திரைப்படத்திலும் நடித்தார்.

நாகஸ்வரக்காரர் சட்டை அணியலாகாது, சபையில் நின்றே வாசிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் அன்று இருந்தன. சந்நிதியில் அர்ச்சகனும் மேற்சட்டையின்றியே நிற்கிறான். அது பகவானுக்கு முன் கொள்ளும் அடக்கம். கல்யாண வீடுகளிலும் செல்வர் மாளிகைகளிலும் அதையே ஜாதியின் பெயரால் விதித்தது அவமதிப்பேயன்றி வேறன்று. பிள்ளை அதற்கு இணங்கவில்லை. கிராப்பும் கோட்டுமாக வந்து மேடையில் அமர்ந்து வாசித்தார். முன்கோபமும் பிடிவாதமும் உடையவர். ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வாராது போனதும் உண்டு. அவரிடம் மனஸ்தாபம் கொண்டவர் பலர். ஆயினும் பின்வந்த வித்வான்கள் சபையில் அமர்ந்து வாசிப்பதற்கு அப்பிடிவாதமும் ஒரு காரணம்.

1947 ஆகஸ்ட் 14-ஆம் நாள் இரவு தில்லியில் ஜவாஹர்லால் நேருவிடம் செங்கோல் வழங்க ஆதீனம் அனுப்பிய குழுவில் அவரும் சென்றார். அங்கே அவருடைய நாகஸ்வரம் ஒலித்தது. 1955-இல் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது.

மறு ஆண்டு, 1956 டிசம்பர் 12-ஆம் நாள், சென்னையில் அவர் மூச்சு அடங்கிற்று. அப்போது வயது 58. அவரோடு உடன் வாசித்துத் தேர்ந்த சீடர் காருகுறிச்சி அருணாசலம் அந்தப் பாணியைத் தம்மளவில் இன்னும் கனியச் செய்தார். அவரும் 1964-இல் 43-ஆம் பிராயத்திலேயே மறைந்தார். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அங்கே ஆச்சா மரத்தில் கடைந்த பாரி நாகஸ்வரங்கள் இன்றும் கோயில்களுக்குச் சென்றுகொண்டிருக்கின்றன.