ஒளி பட்ட பாதை: வீரர் ஜிம் தோர்ப்பின் வரலாறு

விளையாட்டு வீரர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரிய நகரங்களையும் செல்வம் மிகுந்த கழகங்களையும் பற்றிச் சொல்வதே பெரும்பாலும் வழக்கம். நாம் இங்குச் சொல்லப் புகுவதோ ஒரு சிறிய பள்ளியைப் பற்றியும், அப்பள்ளியின் குழுவில் ஆடி உலகப் புகழ் எய்திய ஒருவரைப் பற்றியும் ஆகும். அவர் பெயர் ஜிம் தோர்ப். நம் பாடநூல்கள் செவ்விந்தியர் என்று குறிப்பிட்டு வந்த அமெரிக்கப் பழங்குடி மக்களுள் சாக்-பாக்ஸ் என்னும் குலத்தைச் சேர்ந்தவர்.

பின்னாளில் ஓக்லஹோமா மாநிலமாக அமைந்த நிலப்பகுதியில், 1887ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். பெற்றோர் குலமொழியில் இட்ட பெயர் வா-தோ-ஹுக் என்பதாகும். ஒளி பட்ட பாதை என்பது அதன் பொருள். உடன் பிறந்த இரட்டையர் ஒருவர் இருந்தார். இருவரும் காட்டிலும் ஆற்றங்கரையிலும் ஒன்றாகவே திரிந்து வளர்ந்தனர். ஒன்பது வயதளவில் அந்தச் சகோதரர் நோய்வாய்ப்பட்டு இறந்தார். அதன்பின் ஜிம்முக்குப் பள்ளியில் மனம் ஒட்டவில்லை. விடுதிப் பள்ளியிலிருந்து பலமுறை ஓடி, இருபது மைலுக்கு மேல் நடந்தே வீடு வந்து சேர்ந்தார். ஓடிவர முடியாத தொலைவில் சேர்த்தால்தான் இவன் நிலைப்பான் என்று தந்தை எண்ணினார். இடையில் தாயும் மறைந்தார். 1904ஆம் ஆண்டில், ஆயிரம் மைலுக்கு அப்பால், பென்சில்வேனியா மாநிலத்திலிருந்த கார்லைல் பள்ளிக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்குச் சேர்ந்த சிறிது காலத்தில் தந்தையும் காலமானார்.

கார்லைல் பள்ளியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். பயன்படாது கிடந்த படைவீரர் குடியிருப்பு ஒன்றில், ரிச்சர்டு ஹென்றி பிராட் என்னும் படை அதிகாரி 1879இல் இதனைத் தொடங்கினார். பழங்குடிப் பிள்ளைகளை அவர்தம் குலத்தினின்று பிரித்து, வெள்ளையரைப் போல் ஆக்கிவிடுவதே பள்ளியின் நோக்கம். தொலைதூரத்திலிருந்து தொடர்வண்டியில் கொண்டு வரப்பட்ட பிள்ளைகளின் நீண்ட கூந்தல் முதல் வேலையாகக் கத்தரிக்கப்பட்டது. கரும்பலகையில் ஆங்கிலப் பெயர்களை வரிசையாக எழுதி வைத்து, பிள்ளைகளின் கையில் ஒரு கோலைக் கொடுத்தனர். எழுத்தறியாத அப்பிள்ளை எந்தப் பெயரைச் சுட்டியதோ அதுவே அன்றுமுதல் அதன் பெயராயிற்று. தாய்மொழியில் பேசினால் தண்டனை. தாய்மொழியில் கற்கும் பிள்ளைகள் படிக்கும் மலர் இஃது ஆதலால், இச்செய்தியை ஒரே வரியில் சொல்லிக் கடந்து போக நமக்கு மனம் வரவில்லை.

பாதி நாள் பாடம், பாதி நாள் வேலை என்பது பள்ளியின் ஒழுங்கு. விடுமுறையிலும் பிள்ளைகள் வீடு செல்வது அரிது. அருகிலிருந்த பண்ணைகளுக்கும் வீடுகளுக்கும் குறைந்த கூலியில் வேலைக்கு அனுப்பப்பட்டனர். ஜிம்மும் அவ்வாறு பண்ணைகளில் உழைத்தவரே. குளிரும் காசநோயும் பல பிள்ளைகளைக் கொண்டு சென்றன. பள்ளி வளாகத்துக் கல்லறைகள் இருநூறை நெருங்கும்.

இத்தகைய பள்ளிதான் அமெரிக்காவின் பெரும் பல்கலைக்கழகங்களைத் திடலில் எதிர்த்து நின்றது.

அமெரிக்கக் காற்பந்து என்பது நாம் பள்ளித் திடலில் ஆடும் காற்பந்து அன்று. பந்து முட்டை வடிவினது. ஒரு பக்கத்துக்குப் பதினொருவர். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம், உதைக்கலாம். எதிரணியினர் ஓடுபவரைக் கட்டிப்பிடித்துக் கீழே வீழ்த்துவர். எதிரியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு கடந்தால் மிகுந்த புள்ளிகள் உண்டு. நட்டு வைத்த கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்பினால் மூன்று புள்ளி. இவ்வாட்டத்திற்கு உடல் எடை பெருந்துணை. கார்லைல் பள்ளியிலோ ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகள் இருந்தும், அவருள் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். ஆடத்தக்க இளைஞர் சிலரே. அவர்களும் எதிரணியினரைக் காட்டிலும் எடை குறைந்தவர். ஆகவே பயிற்றுநர் வார்னர் அவர்களுக்கு வேகத்தையும் தந்திரத்தையும் கற்பித்தார். பந்தை முன்னோக்கி எறிவது 1906இல்தான் விதிகளால் அனுமதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதனைத் திறம்படக் கையாண்ட முதற் குழுக்களுள் ஒன்றாக இச்சிறு பள்ளி விளங்கியது. பருத்த ஆட்டக்காரர் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து வேறெங்கோ போயிருக்கும்.

ஜிம் இக்குழுவிற்கு வந்த விதம் சுவையானது. 1907ஆம் ஆண்டில் ஒருநாள், வேலை உடையோடு திடலைக் கடந்து சென்றவர், உயரம் தாண்டும் பயிற்சியில் இருந்த மாணவர்களைக் கண்டு நின்றார். கம்பம் 5 அடி 9 அங்குல உயரத்தில் இருந்தது. ஒருவராலும் தாண்ட இயலவில்லை. ஜிம் அவ்வுடையோடேயே தாண்டிவிட்டுத் தம் வழியே போனார். மறுநாள் வார்னர் அவரை அழைத்து ஓட்டப் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார். காற்பந்து ஆட ஜிம் விரும்பியபோதோ, அருமையான ஓட்டக்காரர் காலை முறித்துக்கொள்வாரே என்று பயிற்றுநர் அஞ்சினார். ஆசையைத் தெளிவித்துவிடலாம் என்று பந்தைக் கொடுத்து, குழுவினர் அனைவரையும் எதிரில் நிறுத்தினார். ஜிம் அத்தனை பேரையும் கடந்து ஓடினார். மீண்டும் ஒருமுறை ஓடச் சொன்னார். மீண்டும் அவ்வாறே ஆயிற்று.

1909இலும் 1910இலும் அவர் பள்ளியில் இல்லை. கோடைக்காலத்தில் வட கரோலினா மாநிலத்திற்குச் சென்று சிறு ஊர்க்குழுக்களில் சிறு ஊதியத்திற்குப் பேஸ்பால் ஆடினார். அக்காலத்துக் கல்லூரி மாணவர் பலர் இவ்வாறு ஆடியதுண்டு. ஆனால் அவர்கள் பொய்ப்பெயரில் ஆடினர். ஜிம் தம் சொந்தப் பெயரிலேயே ஆடினார். இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

1911இல் அவர் திரும்பி வந்தார். அவ்வாண்டு நவம்பர் 11ஆம் நாள் கார்லைல் குழு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை அதன் திடலிலேயே சந்தித்தது. நாட்டிலேயே பழைமையும் செல்வமும் மிக்க அப்பல்கலைக்கழகம், இச்சிறுவர்களுக்கு இது போதும் என்றெண்ணித் தன் முதல்நிலை ஆட்டக்காரர்களை வெகுநேரம் களத்தில் இறக்காமல் வைத்திருந்தது. ஜிம்மின் காலில் காயம், கட்டுப் போட்டிருந்தார். அந்தக் காலோடு நான்கு முறை பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து அனுப்பினார். கார்லைல் 18, ஹார்வர்டு 15. அடுத்த வாரமே சிரக்கியூஸ் குழுவிடம் 11க்கு 12 என்று ஒரே புள்ளியில் தோற்றனர். அவ்வாண்டு அவர்கள் கண்ட தோல்வி அஃது ஒன்றே.

1912ஆம் ஆண்டு ஜூலையில் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஒலிம்பிக் போட்டி நிகழ்ந்தது. ஜிம் ஐவகைப் போட்டியிலும் பத்துவகைப் போட்டியிலும் கலந்துகொண்டார். ஐந்தில் நான்கில் அவரே முதல்வர். பத்துவகைப் போட்டியில் அவர் பெற்ற புள்ளிகள் 8,412. இரண்டாவதாக வந்த சுவீடன் நாட்டு ஹியூகோ வீஸ்லாண்டர் ஏறத்தாழ 700 புள்ளிகள் பின்தங்கியிருந்தார். போட்டியின்போது அவருடைய காலணிகள் காணாமற்போயின என்றும், அகப்பட்ட ஒற்றைக் காலணிகள் இரண்டை மாட்டிக்கொண்டு ஆடினார் என்றும் கூறுவர். அக்காலத்து நிழற்படம் ஒன்றில் இரு கால்களிலும் வெவ்வேறு காலணிகளை நாம் காணலாம். மன்னர் குஸ்தாவ் தம் கையாலேயே பரிசளித்து, உலகின் தலைசிறந்த வீரர் என்று அவரைப் பாராட்டினார்.

பதக்கங்களோடு திரும்பியவர் நேரே பள்ளித் திடலுக்குச் சென்றார். அவ்வாண்டுப் பருவத்தில் அவரே குழுத் தலைவர். அந்தப் பருவத்தைப் போல் ஒரு சிறு பள்ளிக்கு வாய்த்தது அரிதினும் அரிது என்பது நம் கருத்து. பெரிய ஆட்டங்கள் யாவும் வெளியூரிலேயே. தொடர்வண்டியில் வாரந்தோறும் பயணம், ஓய்வு குறைவு. வில்லனோவா குழுவை 65க்கு 0 என்றும், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தை 45க்கு 8 என்றும் வென்றனர். முந்தைய ஆண்டில் ஒரே புள்ளியில் வீழ்த்திய சிரக்கியூஸை 33க்கு 0 என்று பழிதீர்த்தனர். வாஷிங்டன்-ஜெபர்சன் கல்லூரியோடு நடந்த ஆட்டம் மட்டும் எவரும் புள்ளி எடுக்காமல் முடிந்தது.

நவம்பர் 9ஆம் நாள் நடந்த ஆட்டமே அப்பருவத்தின் உச்சம். ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரி அன்றைய எதிரணி. அமெரிக்கப் படை, சூ குலத்தவரை ஊண்டட் நீ என்னுமிடத்தில் கொன்று குவித்தது 1890இல். இருபத்திரண்டே ஆண்டுகள் கடந்திருந்தன. எதிரே நிற்போர் யாருடைய வழித்தோன்றல்கள் என்பதை வார்னர் ஆட்டத்திற்கு முன் தம் மாணவர்களுக்கு நினைவூட்டினார் என்பர். அவர் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. படைக்கல்லூரியினர் முதலில் 6 புள்ளிகள் எடுத்தனர். அத்தோடு சரி. அதன்பின் எதிரணியினர் எங்கே நின்று காப்பது என்றறியாது திகைக்குமாறு, வார்னர் புதிதாக வகுத்த அணிவகுப்பில் கார்லைல் மாணவர் ஆடினர். எல்லோர் கண்ணும் ஜிம்மின் மேலிருக்க, அலெக்ஸ் அர்காசா என்னும் தோழர் மும்முறை எல்லைக் கோட்டைக் கடந்தார். ஜிம்மைத் தடுக்க முனைந்த படைக்கல்லூரி மாணவருள் டுவைட் ஐசனோவர் என்பவரும் ஒருவர். பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் நேசப் படைகளின் தளபதியாகி, 1953இல் அமெரிக்க அதிபரானவர் இவரே. நாடு முழுவதையும் ஆண்ட அவரால் அன்று அந்த ஒருவரை அடக்க இயலவில்லை. முடிவில் கார்லைல் 27, படைக்கல்லூரி 6.

வென்ற களைப்போ என்னவோ, அடுத்த வாரம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 26க்கு 34 என்று தோற்றனர். இறுதி ஆட்டத்தில் பிரவுன் பல்கலைக்கழகத்தை 32க்கு 0 என்று வென்று பருவத்தை முடித்தனர். பதினான்கு ஆட்டங்களில் பன்னிரண்டு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமநிலை. எடுத்த புள்ளிகள் ஐந்நூறுக்கும் மேல்.

இவ்வாட்டங்களைக் காண ஆயிரக்கணக்கானோர் நுழைவுச்சீட்டு வாங்கினர். அப்பணம் ஆடிய பிள்ளைகளுக்கு உரிமையாகவில்லை. அதனைச் செலவிட்டோர் யார், எதற்குச் செலவிட்டனர் என்று மாணவர்களே கையொப்பமிட்டு அரசுக்கு முறையீடு அனுப்ப, 1914இல் நாடாளுமன்றக் குழு ஒன்று பள்ளிக்கே வந்து விசாரித்தது. பள்ளித் தலைவர் பதவி இழந்தார். வார்னரும் அவ்வாண்டோடு வேறிடம் சென்றார்.

அதற்கு முன்பே ஜிம்மின் மேல் இடி விழுந்துவிட்டது. 1913 ஜனவரியில் ஒரு செய்தித்தாள், அவர் முன்பு ஊதியம் பெற்றுப் பேஸ்பால் ஆடியதை வெளியிட்டது. ஊதியம் பெற்று ஆடியவர் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளக் கூடாது என்பது அக்கால விதி. ஜிம் மறைக்கவில்லை, உண்மையை ஒப்புக்கொண்டு, தாம் விதியறியாத பள்ளி மாணவர் என்று கடிதம் எழுதினார். அக்கடிதத்தில் பயிற்றுநரின் கையும் இருந்தது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். பயிற்றுநரோ தமக்கு ஒன்றுமே தெரியாது என்று கூறி விலகிக்கொண்டார். அஃது உண்மையாயிருக்கும் என்று நம்மால் நம்பக் கூடவில்லை. பதக்கங்களும் மன்னர்கள் அளித்த பரிசுகளும் திருப்பி அனுப்பப்பட்டன. பெயர் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் அதே ஒலிம்பிக் விதிகளில், எதிர்ப்பு எதுவாயினும் போட்டி முடிந்து 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் இருந்தது. ஆறு மாதம் கடந்து வந்த எதிர்ப்பை அன்று ஏற்றவர்கள் அவ்விதியைப் புரட்டிப் பார்க்கவேயில்லை.

பின்னர் அவர் தொழில்முறையில் பேஸ்பாலும் காற்பந்தும் ஆடினார். 1920இல் தொழில்முறைக் காற்பந்துச் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவர் அவரே. ஆட்டத்தை விட்டபின் வறுமை சூழ்ந்தது. மண்வெட்டும் கூலி வேலையும், திரைப்படங்களில் சிறு வேடங்களும் அவருக்குச் சோறிட்டன. 1950இல் செய்தியாளர் நடத்திய வாக்கெடுப்பு, அந்த அரை நூற்றாண்டின் தலைசிறந்த விளையாட்டு வீரர் அவரே என்றது. 1953 மார்ச் 28ஆம் நாள் கலிபோர்னியாவில் காலமானார். பென்சில்வேனியாவின் சிற்றூர் ஒன்று தன் பெயரையே ஜிம் தோர்ப் என்று மாற்றிக்கொண்டு அவர் உடலைப் பெற்று அடக்கம் செய்தது. குலத்தாரின் மண்ணுக்கு அதனைக் கொண்டு செல்ல மகன்கள் தொடுத்த வழக்கு, 2015இல் உச்ச நீதிமன்றம் கேட்க மறுத்ததோடு முடிந்தது.

கார்லைல் பள்ளி 1918இல் மூடப்பட்டது. அங்குப் புதைக்கப்பட்ட பிள்ளைகளின் எச்சங்களை அவரவர் குலத்தாரிடம் ஒப்படைக்கும் பணி 2017இல் தொடங்கியது.

முப்பது நாள் விதி அச்சிடப்பட்ட பழைய கையேட்டை ஆய்வாளர் தம்பதியர் ஒரு நூலகத்தில் தேடிக் கண்டெடுத்தனர். அதன் பயனாக 1982இல் ஒலிம்பிக் மன்றம் தன் முடிவை மாற்றி, அடுத்த ஆண்டு ஜனவரியில் பதக்கங்களின் படிகளை அவர்தம் மக்களிடம் வழங்கியது. ஆயினும் ஏட்டில் அவர் முதலிடத்தை மற்றவரோடு பகிர்ந்துகொண்டவராகவே இருந்தார். 2022 ஜூலையில்தான் அவர் ஒருவரே வெற்றியாளர் என்று பதிவாயிற்று. அதற்கு முன் சுவீடன் நாட்டு ஒலிம்பிக் குழுவினரிடமும் வீஸ்லாண்டரின் குடும்பத்தாரிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. தங்கப் பதக்கம் தமக்குரியது என்று வீஸ்லாண்டர் தம் வாழ்நாளில் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை, அஃது எப்போதும் தோர்ப்புக்கே உரியது என்றிருந்தார் என்பதை அவர்கள் உறுதிப்படுத்தினர்.