ஸிஸ்டர் எலிஸபெத் கென்னி அம்மையார்

இளம்பிள்ளைவாதம் என்னும் கொடிய நோய் ஒரு காலத்தில் உலகத்துத் தாய்மார் யாவரையும் நடுங்கச் செய்தது. நேற்று ஓடி விளையாடிய குழந்தை இன்று சுரத்தால் படுத்துச் சின்னாட்களில் கைகால் அசைக்கவும் இயலாது கிடக்கும். 1955-ம் ஆண்டில் தடுப்பு மருந்து வழக்கத்திற்கு வருமுன் அந்நோயை விலக்க வழியில்லை. நம் இந்திய தேசமும் 2014-ம் ஆண்டிலேயே அதனின்று விடுபட்டதாக அறிவிக்கப்பெற்றது. அந்நோயால் முடங்கிய குழந்தைகளை எழுந்து நடக்கச் செய்வதையே தமது வாழ்நாட்டொண்டாகக் கொண்டு, அதன்பொருட்டுக் கற்றறிந்த வைத்தியர் பலரோடு ஏறக்குறைய இருபதாண்டு வாதாடிய ஒரு தாதியின் சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

எலிஸபெத் கென்னி அம்மையார் ஆஸ்திரேலியாக் கண்டத்தில் நியூ ஸவுத் வேல்ஸ் மாகாணத்திலுள்ள வாரியால்டா என்னுமூரில் 1880-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 20-ந் தேதி ஒரு குடியானவர் குடும்பத்திற் பிறந்தார். பள்ளியிற் பயின்றது சொற்பமே. இளமையில் ஒருநாள் குதிரையினின்று விழுந்து மணிக்கட்டு முறியவே, டூவூம்பா நகரத்து வைத்தியர் ஈனியஸ் மக்டானல் என்பாரிடம் சிகிச்சைக்குச் சென்றார். அவரிடமிருந்த உடற்கூற்று நூல்களைக் கண்டதும், எலும்பும் தசையும் எவ்வாறு இணைந்து தொழிற்படுகின்றன என்று அறியும் ஆவல் அவருள்ளத்தில் வேரூன்றிற்று. பின்னர் முறையான பயிற்சியோ சான்றிதழோ இன்றியே, குயின்ஸ்லாந்து மாகாணத்தில் நாபி என்னும் சிற்றூரைச் சார்ந்த பண்ணைகளில் நோயாளருக்குப் பணிவிடை புரியலானார்.

அவர் தாமெழுதிய சுயசரிதையிற் கூறியுள்ளபடி, 1911-ம் ஆண்டில் ஒரு சிறுமி கைகால்கள் முறுக்குண்டு வேதனையுறுவதைக் கண்டார். இன்ன நோயென்று அறியாமல் மக்டானலுக்குத் தந்தி கொடுக்க, இளம்பிள்ளைவாதமென்றும், அதற்கு மருந்தில்லையாதலால் தோன்றும் குறிகளுக்கேற்பச் செய்யும்படியும் விடை வந்ததாம். அம்மையார் கம்பளித் துணியைக் கொதிநீரில் தோய்த்துப் பிழிந்து, இறுகிய தசைகளின்மேல் ஒற்றடமிட்டார். நோவு தணிந்தது. பின்பு அவயவங்களை மெல்ல மெல்ல அசைத்துப் பழக்கினார்.

முதல் உலக யுத்தம் மூண்டபோது, காயமுற்ற போர்வீரரைக் கொண்டுசெல்லும் கப்பல்களில் ஊழியம் புரிந்தார். 1917-ம் ஆண்டில் ஸிஸ்டர் என்னும் பதவி பெற்றார். இது ராணுவத் தாதியர்க்குரிய பட்டமேயன்றிக் கன்னியாஸ்திரீயைக் குறிப்பதன்று. யுத்தத்தின் பின், கலப்பையில் அகப்பட்டுக் காயமுற்ற ஒரு சிறுமியை உடல் அசையாவண்ணம் அலமாரிக் கதவொன்றிற் கிடத்தி வைத்தியரிடம் சேர்ப்பித்தார். அவ்வனுபவத்தினின்று தோன்றியதே அவர் 1927-ம் ஆண்டில் காப்புரிமை பெற்ற ஸில்வியா என்னும் தூக்குக் கட்டில். அசைக்கலாகாத உடலை அசையாமற் காப்பதையும் அவர் நன்கறிந்திருந்தார் என்பதற்கு இதுவே சான்று.

அக்காலத்து வைத்தியர், இளம்பிள்ளைவாதம் கண்ட குழந்தையின் கைகால்களைப் பலகையாலும் சுண்ணக்கட்டாலும் பிணித்து மாதக்கணக்காக அசையாமல் வைத்திருந்தனர். வலிவுள்ள தசை வலிவற்ற தசையை இழுத்து அங்கத்தைக் கோணச் செய்துவிடும் என்பது அவர்தம் அச்சம். அசைவற்ற தசையோ மெலிந்தது, மூட்டோ விறைத்தது. கென்னி அம்மையார் அக்கட்டுகளை அவிழ்த்தெறிந்தார். மூட்டுகளை விடுத்துத் தசைகளில் மட்டும் ஒற்றடமிட்டார். பாதங்கள் தொங்காவண்ணம் படுக்கையின் அடியில் பலகை நிறுத்தி, நிற்பவரைப்போன்ற நிலையிற் கிடத்தினார். நோவு நீங்கியதும் தாமே அவயவத்தை அசைத்துக்காட்டி, எத்தசை எங்கு இழுக்கின்றதென்று குழந்தையே உணருமாறு கற்பித்தார்.

1930-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் டவுன்ஸ்வில் நகரில் தமது முறைப்படி சிகிச்சை தொடங்கினார். பிற ஊர்களிலும் சிகிச்சாலைகள் எழுந்தன. ஆனால் 1938-ம் ஆண்டில் வைத்தியர் அடங்கிய அரச விசாரணைக் குழு, கட்டுகளை நீக்குவது அபாயகரமென்று கண்டித்து அறிக்கை வெளியிட்டது. எனினும் குயின்ஸ்லாந்து அரசாங்கம் அவரைக் கைவிடவில்லை. அவர் 1940-ம் ஆண்டில் அமெரிக்கா செல்லவும் உதவிற்று. மினியாப்பொலிஸ் நகரத்து வைத்தியர் சிலர் அவரை நோயாளரிடம் அழைத்துச் சென்று நேரிற் கண்டு ஆதரித்தனர். 1942-ம் ஆண்டில் அவர் பெயரால் அந்நகரில் ஒரு சிகிச்சை நிலையம் தோன்றிற்று. 1944-ம் ஆண்டில் அமெரிக்க வைத்திய சங்கத்தின் சார்பில் மீண்டும் கண்டன அறிக்கை வந்தது. ஆயினும் பொதுமக்களின் அன்பு குன்றவில்லை. 1946-ம் ஆண்டில் அவர் சரிதை திரைப்படமாயிற்று. 1950-ம் ஆண்டில் அமெரிக்கச் சட்டசபை, அனுமதிச் சீட்டின்றித் தங்கள் நாட்டிற்கு வந்துபோகும் அரிய உரிமையை அவருக்களித்தது. 1952-ம் ஆண்டு நவம்பர் மாதம் 30-ந் தேதி டூவூம்பாவில் உயிர்நீத்த அவ்வம்மையாரின் உடல், தாம் தொண்டு தொடங்கிய நாபியிலேயே அடக்கம் செய்யப்பெற்றது.

இனி, அவரைக் கண்டித்தோர் யாவரும் அறிவிலிகளோவெனின், அன்று. இந்நோய் தசைகளிலேயே நிலைகொள்வதென்று அம்மையார் சாதித்தார். உண்மையில் அந்நோய்க் கிருமி முதுகுத் தண்டிலுள்ள நரம்பணுக்களை அழிக்கின்றது. முற்றும் அழிந்த அணுவை ஒற்றடம் உயிர்ப்பிக்காது. மறுப்புரை பொறாத அவரது கடுஞ்சொல்லும் பகையை வளர்த்தது. எனவே அவர் கூறிய காரணம் பிழைபட்டது. அவர் கைகள் செய்த பணியோ பிழைபடவில்லை. வைத்தியரோ காரணத்திற் குற்றம் கண்டு, காரியத்தையும் ஒதுக்க முற்பட்டனர். அவ்வாதம் நடந்த காலமெல்லாம் கட்டுண்டு கிடந்தோர் குழந்தைகளே. நாளடைவில் நெடுநாட் கட்டும் முறை ஒழிந்தது. தசைகளைப் பயிற்றும் முறை உலகெங்கும் பரவிற்று. இக்காலத்துத் தாதியர், நெடுநாள் படுக்கையிற் கிடப்பாரைப் புரட்டிக் கிடத்தி, மூட்டுகளை அசைத்து, இயன்றவரை விரைவில் எழுப்பி நடத்துவதும் அசையா உடல் தேயும் என்னும் இவ்வுண்மை பற்றியேயாம்.

நம் கல்லூரி மாணவரில் ஆராய்ச்சித் துறை புகுவாரும் உளர், நோயாளர் பணி ஏற்பாரும் உளர். ஆராய்வோர், பட்டம் பெறாதவர் கண்டதென்று எதனையும் சோதியாமல் தள்ளற்க. பணி புரிவோர், பலன் கண்டோம் என்னும் மகிழ்ச்சியால் தம் கொள்கையனைத்தும் மெய்யென்று துணியற்க. இருதிறத்தாரும் படுக்கையருகே ஒருங்கு நின்று நோக்குவாராயின், துன்புறுவோர் காத்திருக்கும் காலம் குறையும் என்பது திண்ணம்.