சாகும்போது அப்பா கேட்ட பதக்கம்: 38 வயதில் வென்று காட்டிய கால்பந்து வீரர்

இங்கிலாந்தின் ஸ்டோக் நகரம் அருகே ஹான்லியில் 1915-ம் ஆண்டு பிறந்தவர் ஸ்டான்லி மேத்யூஸ். அப்பா ஜாக் முடி வெட்டும் தொழிலாளி. குத்துச்சண்டை வீரரும்கூட. மகனை விடியற்காலையில் எழுப்பி உடற்பயிற்சி பழக்கியவர் அவர்தான்.

வலது ஓரமாக பந்தை கடத்திச் செல்வதில் ஸ்டான்லி கில்லாடி. 19 வயதிலேயே இங்கிலாந்து அணியில் இடம் பிடித்தார். பேரும் புகழும் வந்தது. ஆனால் அந்நாட்டின் பெருமைமிக்க எப்.ஏ. கோப்பை பதக்கம் மட்டும் கிடைக்கவில்லை.

1945-ல் அப்பா படுத்த படுக்கையானார். மகனிடம் 2 விஷயம் கேட்டார். அம்மாவை நல்லபடியா பார்த்துக்கணும். அந்த பதக்கத்தை வாங்கணும். மகன் வாக்கு கொடுத்தார். அப்பா கண்ணை மூடினார்.

பிளாக்பூல் அணிக்காக 1948-ல் இறுதிப்போட்டியில் ஆடினார். மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 4-2 என தோல்வி. 1951-ல் நியூகாசிலிடம் 2-0 என தோல்வி. வயசு ஏறிக்கிட்டே போனது.

1953 மே 2. லண்டன் வெம்ப்ளி மைதானம். மேத்யூசுக்கு 38 வயசு. எதிரணி போல்டன் 3-1 என முன்னிலை. இந்த தடவையும் போச்சு என்றே தோன்றியது. ஆனால் மேத்யூஸ் விடவில்லை. வலது ஓரத்தில் புகுந்து புகுந்து பந்தை கொடுத்தார். மார்டென்சன் 2 கோல் போட்டு சமன் செய்தார். கடைசி நேரத்தில் மேத்யூஸ் தள்ளிய பந்தை பெர்ரி கோலாக்கினார். 4-3 என வெற்றி!

8 வருஷத்துக்குப் பிறகு வாக்கு நிறைவேறியது. பார்க்கத்தான் அப்பா இல்லை.

50 வயது வரை ஆடிய மேத்யூஸ், 2000-ம் ஆண்டு தனது 85-வது வயதில் காலமானார்.