தொழில் என்னும் ஒரு கட்டம்
வில்லியம் ஃபாரின் வாழ்வும் பணியும்

மன்னர்களின் வரலாற்றைச் சொல்லக் கல்வெட்டுகளும் கோட்டைகளும் உண்டு. உழுதவர், நெய்தவர், சுமை தூக்கியவர், அடுப்பெரித்தவர் ஆகியோரின் வரலாற்றைச் சொல்ல என்ன உண்டு என்று கேட்டால், கடந்த இருநூறு ஆண்டுகளைப் பொறுத்தவரை மக்கள்தொகைக் கணக்கேடுகளையே முதலில் சுட்ட வேண்டியிருக்கிறது. பெயர், வயது, உறவு, பிறந்த ஊர் என்று வரிசையாகச் செல்லும் அவ்வேட்டில் தொழில் என்றொரு கட்டம் இருக்கிறது. அதில் எழுதப்படும் ஓரிரு சொற்களே ஒரு மனிதர் நாட்டின் கணக்கில் யாராக நிற்கிறார் என்பதை முடிவு செய்கின்றன. இங்கிலாந்தில் அக்கட்டத்திற்கு ஒழுங்கும் உயிரும் தந்தவர் வில்லியம் ஃபார். அவர் பெயரை நோயியல் மாணவர் அறிவர். ஏனையோர் அறிந்தது குறைவே.

ஃபார் 1807ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் கென்லி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஏழைகள், நிலத்தில் உழைத்து உண்டவர்கள். சிறுவனாக இருந்தபோதே டாரிங்டன் ஊரைச் சேர்ந்த ஜோசப் பிரைஸ் என்னும் செல்வந்தர் அவரைத் தம் பொறுப்பில் ஏற்று வளர்த்தார். அப்பெரியவரின் பரிவு இல்லையேல் ஃபாரும் தம் தந்தையைப் போலவே கணக்கேட்டில் கூலியாள் என்ற ஒரு சொல்லாக மட்டும் நின்றிருப்பார். 1828இல் பிரைஸ் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பணம் ஃபாருக்குப் பாரிசு நகர் சென்று மருத்துவம் பயில வழி செய்தது.

அக்காலத்துப் பாரிசு மருத்துவ உலகில் ஒரு புதிய எண்ணம் பரவிக்கொண்டிருந்தது. நோயாளி ஒருவரைக் கூர்ந்து நோக்குவதோடு நில்லாமல், நூறு நோயாளிகளை எண்ணி ஒப்பிட்டால்தான் ஒரு மருந்தின் பயன் புலப்படும் என்று பியேர் லூயி என்னும் மருத்துவர் கற்பித்துவந்தார். எண்ணுதல் மருத்துவத்தின் ஒரு கருவி என்ற பாடத்தை ஃபார் அங்கே உள்வாங்கிக்கொண்டார். தாயகம் திரும்பி, 1832இல் மருத்துவம் செய்ய உரிமம் பெற்று, இலண்டனில் தொழில் தொடங்கினார். நோயாளிகள் திரண்டு வரவில்லை. மணந்த சில ஆண்டுகளிலேயே முதல் மனைவி எலும்புருக்கி நோய்க்கு இரையானார். அந்த 1837ஆம் ஆண்டிலேயே, பிரித்தானியப் பேரரசின் புள்ளிவிவரங்களைத் தொகுத்த மக்கல்லக்கின் பெருநூலில் பிறப்பு இறப்புக் கணக்கியல் பற்றி ஃபார் எழுதிய பகுதி வெளிவந்தது. மருத்துவராக எய்தாத பெயரை எழுத்தால் எய்தினார்.

அவ்வாண்டு சூலை முதல் நாள் இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசே பதிவுசெய்யும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1839இல் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தில் குறிப்புகளைத் தொகுப்பவராக ஃபார் அமர்த்தப்பட்டார். அடுத்த நாற்பதாண்டுகள் அவ்வலுவலகமே அவர் உலகமாயிற்று.

கணக்கேட்டின் பழைய குழப்பம்

பிரித்தானியாவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1801இல் நடந்தது. ஜான் ரிக்மன் என்பவர் அதனை நடத்தினார். மக்கள் மூன்றே கூட்டமாகப் பிரிக்கப்பட்டனர்: வேளாண்மை செய்வோர், வணிகம், உற்பத்தி, கைத்தொழில் செய்வோர், இவ்விரண்டிலும் அடங்காதோர். மனைவியையும் மக்களையும் எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்று தெளிவாக விளங்காமையால் ஓர் ஊரார் அவர்களைக் குடும்பத் தலைவரின் தொழிலில் சேர்த்தனர். அடுத்த ஊரார் மூன்றாம் கூட்டத்தில் தள்ளினர். கூட்டிப் பார்த்தபோது அத்தொகைகள் எதற்கும் பயன்படவில்லை. அதன்பின் குடும்பங்களைத் தொழில்வாரியாக எண்ணிப் பார்த்தனர். 1841இல் கணக்கெடுப்பு தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் கைக்கு வந்தது. ஒவ்வொருவரின் பெயரும் தொழிலும் தனித்தனியே எழுதப்பட்டன. ஆயின் தொழில்கள் அகரவரிசையில் அடுக்கப்பட்டனவே அன்றி, அவற்றிடையே உள்ள உறவு வகுத்துக் காட்டப்படவில்லை.

1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு மார்ச் 30ஆம் நாளுக்குரியதாக எடுக்கப்பட்டது. ஜார்ஜ் கிரகாம் தலைமைப் பதிவாளராக இருந்தார். ஃபாரும் ஹொரேஸ் மன்னும் துணை நின்றனர். இங்கிலாந்திலும் வேல்சிலும் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகச் சென்று படிவங்களைத் திரட்டினர். வேல்ஸ், ஸ்காட்லாந்து உள்ளிட்ட பெருந்தீவில் ஏறத்தாழ 2 கோடியே 10 இலட்சம் மக்கள் எண்ணப்பட்டனர். மக்கள் தத்தம் வழக்கில் சொன்ன தொழிற்பெயர்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஊருக்கு ஊர் ஒரே வேலைக்கு வெவ்வேறு பெயர். ஒரே பெயருக்கு வெவ்வேறு வேலை. இவற்றை வகைப்படுத்தும் பொறுப்பு ஃபாரிடம் வந்தது.

அவர் 17 வகுப்புகளை அமைத்தார். அரசுப் பணியாளர், படைவீரர், கற்றறிந்தோர் என்று தொடங்கி, வணிகர், போக்குவரத்தில் உழைப்போர், வேளாண் மக்கள் என்று சென்று, இறுதியில் பிறர் உதவியால் வாழும் ஏழைகளிலும் சிறைப்பட்டோரிலும் அவ்வரிசை முடிகிறது. நடுவே கைத்தொழிலாளரைப் பிரிக்க அவர் கொண்ட அளவுகோல் தனித்தன்மை வாய்ந்தது. உயிரினப் பொருள்களைக் கையாள்வோர், தாவரப் பொருள்களைக் கையாள்வோர், கனிமப் பொருள்களைக் கையாள்வோர் என்று, கையிலுள்ள பொருளைக் கொண்டே தொழிலை வகுத்தார். மருத்துவர் ஒருவரின் பார்வை இது. நாள்தோறும் தொடும் பொருளும் உள்ளிழுக்கும் தூசியும் உடலில் எதையேனும் விட்டுச்செல்லும் என்று அவர் கருதினார்.

இம்முறைக்குக் குறை இல்லாமலில்லை. ஒரு பொருளைச் செய்பவரும் அதை விற்பவரும் ஒரே பிரிவில் விழுந்தனர். முதலாளியும் கூலியாளும் பிரித்தறிய முடியாதபடி கலந்தனர். பிற்காலத்தில் இலண்டன் ஏழ்மையை ஆராய்ந்த சார்ல்ஸ் பூத் 1801 முதல் 1881 வரையிலான தொழிற்கணக்குகளை ஒப்பிட முற்பட்டபோது, பத்தாண்டுக்கு ஒருமுறை மாறிவந்த பிரிவுகள் அவரைப் பெரிதும் அலைக்கழித்தன.

இல்லத்தரசிக்கு ஓர் இடம்

17 வகுப்புகளுள் ஐந்தாவது தனித்து நினைக்கத்தக்கது. அதுவரை தொழில் அற்றவர் என்று கருதப்பட்டுவந்த மனைவியர், அன்னையர், குடும்பத் தலைவியர் ஆகியோருக்கு அங்கே இடம் தரப்பட்டது. குழந்தைகளைப் பெற்று வளர்ப்பதும் இல்லத்தை நடத்துவதும் நாட்டின் ஏனைய எல்லாத் தொழில்களுக்கும் அடித்தளம் ஆகையால், அவற்றைத் தொழில் அன்று என ஒதுக்க இயலாது என்பது அறிக்கையின் கருத்து. அதோடு உழவர் மனைவி, செருப்புத் தைப்பவர் மனைவி, இறைச்சிக் கடைக்காரர் மனைவி போன்றோர், கணவருடன் சேர்ந்து உழைப்பவர்கள் என்ற முறையில், அவ்வத் தொழிலின் கீழேயே தனியாக எண்ணப்பட்டனர். இது பெண்ணுரிமை முழக்கம் அன்று. பெண்ணின் இடம் இல்லமே என்ற அக்கால எண்ணம் அதனுள் ஒளிந்திருந்தது. வெளியே கூலிக்கு உழைத்த பெண்களின் வேலையைக் கணக்கெடுப்பாளர் பலர் எழுதாமலே விட்டதும் உண்டு. இருந்தபோதிலும் அடுப்படி உழைப்பு ஓர் அரசின் தொழிற்பட்டியலில் ஏறியது சிறிய செய்தி ஆகாது.

1861இல் ஃபார் தம் முறையைச் சுருக்கி ஆறு பெருவகுப்புகளாக்கினார்: கல்வித் தொழில், இல்லப் பணி, வணிகம், வேளாண்மை, ஆக்கத்தொழில், வரையறுக்க இயலாதோர். 1871இலும் அவ்வமைப்பே நின்றது.

எண்ணுக்குள் இருந்த உயிர்

தொழிற்கட்டத்தின் முழு வலிமையையும் ஃபார் காட்டியது இறப்புக் கணக்கில்தான். இறப்புப் பதிவேட்டிலும் தொழிலுக்கு ஓர் இடம் இருந்தது. ஓராண்டில் இத்தனை தையற்காரர் இறந்தனர் என்பது தனியே நின்றால் எதையும் உணர்த்தாது; நாட்டில் தையற்காரர் எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் அத்தொழிலின் இடர் விளங்கும். முதல் எண்ணைப் பதிவேடு தந்தது. இரண்டாம் எண்ணைக் கணக்கேடு தந்தது. இரண்டையும் ஃபார் பொருத்தினார். ஒரே வயதினரை ஒப்பிட்டபோது உழவர்கள் நெடிது வாழ்வதும், தையற்காரர், மதுவிடுதி நடத்துவோர் முதலியோர் விரைந்து மடிவதும் வெளிப்பட்டன. கொழுத்த உடலும் சிவந்த முகமுமாகக் காணப்பட்ட இறைச்சிக் கடைக்காரரின் இறப்பு விகிதம் மிகுந்திருந்தது அவரையே வியப்பில் ஆழ்த்தியது. கண் கண்டதை எண் மறுத்தது.

1864இல் சுரங்கங்களை ஆராய்ந்த அரசு ஆணையத்திற்காக அவர் கார்ன்வால் பகுதியின் உலோகச் சுரங்கத் தொழிலாளரை ஏனைய ஆடவரோடு ஒப்பிட்டுக் காட்டினார். நடுவயதைக் கடந்தபின் நுரையீரல் நோயால் மடிந்த சுரங்கத்தார் மிகப் பலர் என்பது அட்டவணையில் தெளிவாயிற்று. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் கிரிமியப் போரிலிருந்து திரும்பியபின் ஃபாரின் துணையை நாடினார். போரில்லாக் காலத்தில் தாயகத்துப் பாசறைகளில் வாழ்ந்த வீரர்கள், அதே வயதுடைய குடிமக்களைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இறந்தனர் என்பதை இருவரும் நிறுவினர். இந்தியாவிலிருந்த படையினரின் நலவாழ்வை ஆராய 1859இல் அமைந்த ஆணையத்திலும் ஃபார் உறுப்பினராக இருந்தார்.

வாந்திபேதியைப் பொறுத்தவரை அவர் முதலில் நச்சுக்காற்றையே காரணமாகக் கொண்டார்; தேம்சு ஆற்றிலிருந்து நிலம் உயர உயர இறப்புக் குறைவதைக் கணித்து அதற்குச் சான்றாக்கினார். ஆயினும் நீரே நோயைப் பரப்புகிறது என்று வாதிட்ட ஜான் சினோவுக்கு வேண்டிய இறப்புக் குறிப்புகளைத் தயங்காமல் அளித்தார். 1866இல் கிழக்கு இலண்டனில் நோய் மூண்டபோது, குடிநீர் வழங்கிய நிறுவனத்தின் பக்கமே அவருடைய எண்கள் சுட்டின. தம் பழைய கருத்தைக் கைவிட்டு எண்களின் வழியே சென்றார்.

அவருடைய கணக்குகளுள் நம் மனத்தை உறுத்துவதும் ஒன்றுண்டு. 1853இல் வருமான வரியைப் பற்றி எழுதிய கட்டுரையில் நார்ஃபோக் மாவட்டத்து வேளாண் கூலியாளர் ஒருவரின் வாழ்நாள் உழைப்பைப் பண மதிப்பாக்கினார். பிறந்த குழந்தையின் மதிப்பு 5 பவுன். 25 வயதில் அது 246 பவுனாக உயர்கிறது. பின் தேய்ந்து 70 வயதில் 1 பவுனாகி, அதன்பின் சுழிக்கும் கீழே போகிறது. உழைப்பவரின் நிலையற்ற ஊதியத்தின் மீதும் செல்வரின் நிலைத்த சொத்தின் மீதும் ஒரே வீதத்தில் வரி விதிப்பது முறையன்று என்று காட்டவே இதனைச் செய்தார். ஆனாலும் வேளாண் கூலியாளரின் மகனே அக்கணக்கை எழுதினார் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. முதுமையில் தம் தந்தை என்ன மதிப்புப் பெறுவார் என்பதும் அவ்வட்டவணையில் அடங்கியிருந்ததன்றோ!

மாலைக் காலம்

1855இல் இராயல் கழகத்தின் உறுப்பினர் ஆனார். 1871 முதல் 1873 வரை புள்ளியியல் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1879இல் கிரகாம் ஓய்வு பெற்றபோது அவ்விடம் ஃபாருக்கு வரும் என்று பலரும் எதிர்பார்த்தனர். நாற்பதாண்டு உழைப்பைக் கடந்து அப்பதவி சர் பிரிட்ஜஸ் ஹெனிக்கருக்குச் சென்றது. மனம் நொந்த ஃபார் 1880இல் பணியிலிருந்து விலகினார். 1883ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மறைந்தார். அவர் எழுத்துகளின் தொகுப்பு 1885இல் நூலாக வெளிவந்தது.

அவர் விலகியபின் நடந்த 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இல்லத்தரசியர் தொழிலற்றோர் வகுப்புக்கு மாற்றப்பட்டனர். ஒரு பெண் முந்தின நாள் செய்த வேலையையே மறுநாளும் செய்தாள். ஏட்டில் மட்டும் அவள் வேலை மறைந்தது. அதே ஆண்டில் இந்தியாவில் நடந்த கணக்கெடுப்பு, இங்கிலாந்தில் ஃபார் வகுத்த ஆறு பெருவகுப்புகளைத் தழுவியே தொழில்களைப் பிரித்தது. சென்னை மாகாணத்து உழவரும் நெசவாளரும் குயவரும் இவ்வாறு கென்லி ஊர் ஏழை மகன் செய்த கட்டங்களுக்குள் வந்து சேர்ந்தனர்.

தொழில்வாரி இறப்பாய்வு அவருக்குப் பின்னும் இங்கிலாந்தில் 20ஆம் நூற்றாண்டின் இறுதி வரை தொடர்ந்தது. அவர் தொடங்கிய மற்றொரு வழக்கோ இன்னும் தீர்ப்புப் பெறவில்லை. 2011ஆம் ஆண்டு இந்தியக் கணக்கெடுப்பிலும் வீட்டு வேலை மட்டுமே செய்யும் பெண்கள் உழைப்பாளர் அல்லாதார் வரிசையிலேயே எழுதப்பட்டனர். விடியுமுன் எழுந்து நீர் சுமந்து, சமைத்து, பிள்ளைகளைப் பேணி, முதியோரைத் தாங்கும் ஒருத்தி உழைக்கவில்லை என்று எழுத ஒரு பேனா போதும். அவ்வாறு எழுதலாகாது என்று 1851இலேயே ஓர் அரசு அலுவலர் எண்ணினார் என்பது, ஃபாரின் பணிகளுள் நம் நாளுக்கு மிக அண்மையில் நிற்பது.