அனிமேஷன் உருவங்களுக்குப் பளபளப்பு கொடுத்தவர்: யார் இந்த பூய் துவாங் ஃபாங்?

கம்ப்யூட்டரில் வரைந்த ஒரு பந்தைப் பாருங்கள். மேலே சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். அது இல்லாவிட்டால் பந்து வெறும் சாயம் பூசிய வட்டம்தான். இருந்தால், கையில் எடுத்துவிடலாம் போலிருக்கும். அந்த மினுக்கு எங்கே விழணும், எவ்வளவு பெரிதாக இருக்கணும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் பூய் துவாங் ஃபாங். வாழ்ந்தது 32 ஆண்டுகள்தான்.

ஹனோய் டு யூட்டா

1942 டிசம்பரில் வியட்நாமின் ஹனோயில் பிறந்தார். நாடு இரண்டாகப் பிரிந்த 1954-ல் குடும்பம் சைகோனுக்கு வந்தது. 1964-ல் படிக்க பிரான்ஸ் போனார். இன்ஜினீயரிங் முடித்து, அங்கேயே ஒரு கம்ப்யூட்டர் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1971-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

கம்ப்யூட்டர் அனிமேஷனே தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. பின்னாளில் பிக்ஸார் நிறுவனர்களில் ஒருவரான எட் கேட்மல் அப்போது அங்கே மாணவர். 1972-ல் தன் இடது கையை அச்சு எடுத்து, அதை சுமார் 350 சிறு துண்டுகளாகப் பிரித்து, சக மாணவர் ஃபிரெட் பார்க்குடன் சேர்ந்து ஒரு குறும்படம் செய்தார். திரையில் அந்தக் கை விரல் மடக்கி நீட்டியது.

என்ன சிக்கல்?

தட்டையான துண்டுகளை ஒட்டித்தான் உருவம் செய்ய முடியும். ஒட்டிய விளிம்புகள் அப்படியே தெரியும். அதே லேபில் ஹென்றி கூரோ ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். துண்டின் மூலைகளில் மட்டும் நிறத்தைக் கணக்கிட்டு, நடுவில் கலந்துவிடுவது. விளிம்பு மறைந்தது. ஆனால் மினுக்கு துண்டின் நடுவே விழுந்தால் காணாமல் போகும். உருவம் நகர்ந்தால் மினுக்கு தோன்றித் தோன்றி மறையும். படம் எடுப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி.

ஃபாங் என்ன செய்தார்?

நிறத்தைக் கலக்காமல், பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைக் கலந்தார். பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் ஒளியைக் கணக்கிட்டார். வழுவழுப்பான பொருளில் மினுக்கு சின்னதாக, கூர்மையாக விழும். சொரசொரப்பானதில் பரந்து மங்கும். இதையும் ஒரு எளிய சூத்திரத்தில் அடக்கினார். அது ஒளியின் முழு இயற்பியல் அல்ல. கண் நம்பினால் போதும், மெஷினும் தாங்கணும் என்பதுதான் அவர் கணக்கு. அதனால்தான் அது நிலைத்தது.

1973-ல் டாக்டர் பட்டம் வாங்கி, பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் போனார். 1975 ஜூனில் அவரது ஆய்வுக் கட்டுரை வெளியானது. அடுத்த மாதமே நோயால் இறந்துபோனார். கேட்மலின் கை ஹாலிவுட் படத்தில் இடம்பெற்றது 1976-ல். முழுக்க கம்ப்யூட்டரில் செய்த 'டாய் ஸ்டோரி' வந்தது 1995-ல். இரண்டையும் பார்க்க அவர் இல்லை.

அவரது குடும்பப் பெயர் பூய். கடைசியில் வருவதுதான் குடும்பப் பெயர் என்று மேற்கத்திய உலகம் நினைத்துக்கொண்டதால், அந்த முறைக்கு 'ஃபாங் ஷேடிங்' என்றே பெயர் நின்றுவிட்டது. 3டி மென்பொருள் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் இன்றைக்கும் ஆரம்பத்திலேயே கேட்கும் பெயர் அது.